சுவரைத் தாண்டும் அலை

“போவாதீங்கன்னு மட்டும் சொல்லிராத, ஏட்டி.”

“நான் ஒண்ணும் சொல்லல்லியே.”

“வாயால சொல்லல்ல. மூஞ்சி சொல்லுது.”

“மூஞ்சிய நான் என்ன செய்ய? கழத்திப் பையில வைக்கவா?”

“நீ சொன்னா நான் திரும்பி வந்திருவேன். பெட்டிய இங்கயே போட்டுட்டு வந்திருவேன். அதனாலதான் சொல்லுகேன். ராஜி கல்யாணம் முடியணும், வீட்டு மேல்கூரைய மாத்தணும். அது வரைக்கும் கேக்காத.”

“செரி, கேக்கமாட்டேன். நடங்க. பிளேன் உங்களுக்காக நிக்காது.”

திருவனந்தபுரம் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று அனில்குமாரும் அஸ்வதியும் இப்படிப் பேசியது ஆறு வருடங்களுக்கு முன்னால். அப்போது அவர்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது நாள். அனில்குமார் குவைத்தில் குளிரூட்டும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்குப் போனான். அதன்பிறகு மூன்று முறை விடுப்பில் வந்தான், ஒவ்வொரு முறையும் நாற்பத்தைந்து நாள். ஆறு வருடக் கல்யாணத்தில் அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தது மொத்தம் நூற்று ஐம்பத்து நான்கு நாள்தான். இந்தக் கணக்கை அஸ்வதி யாரிடமும் சொன்னதில்லை. கொடுத்த வாக்கையும் மீறவில்லை.

அனிலின் தங்கை ராஜியின் கல்யாணம் முடிந்து நான்கு வருடமாகிவிட்டது. அருமனையில் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே நல்ல வீட்டில் வாழ்கிறாள். மேல்கூரையும் மாற்றியாகிவிட்டது. இராஜாக்கமங்கலத்தில் ஐஸ் பிளாண்ட் நடத்தும் மரியஜான், “உங்க வீட்டுக்காரர் மாதிரி கம்ப்ரசர் தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும்மா. எப்ப வந்தாலும் வேலை இருக்கு” என்று இரண்டு தடவை அவளிடமே சொல்லிவிட்டார். போனவன் திரும்பி வர எல்லாம் தயாராக இருந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை என்பதுதான் குறை.

அந்த வீட்டில் குவைத்துப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாமியார் தாணம்மாள் ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்காருவாள். எதிரே ஸ்டூலில் ஒரு செம்பு, அதில் சாய்த்து வைத்த அவளுடைய போன். அனிலின் முகம் வந்ததும் வயலில் தண்ணீர் நின்றது முதல் பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தம் வரைக்கும் முக்கால் மணி நேரம் போகும். அருமனையிலிருந்து ராஜியும் பேச்சில் வந்து சேருவாள். கடைசியில் தாணம்மாள், “இந்தா, அவகிட்டயும் ரெண்டு வார்த்தை பேசு” என்று போனை ஒரு பக்கமாகத் திருப்புவாள்.

“சாப்ட்டியளா?”

“சாப்ட்டேன். நீ?”

“ம்.”

அந்த ரெண்டு வார்த்தை முடிந்துவிடும்.

போனைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போகவும் வழியில்லை. பூதப்பாண்டியைத் தாண்டி, தாடகை மலை நிழலில் இருக்கும் பழைய வீடு அது. சுவர் இரண்டடி கனம். மலை மறைப்பதால் செல்போன் டவர் ஒரு கோடுதான் காட்டும். பேச்சு வரும், படம் வராது. வைஃபை ஹாலில் மட்டும் துள்ளும். அவளுடைய அறை வாசலைத் தாண்டினால் படம் உறைந்துபோய், அனிலின் வாய் திறந்தபடியே நிற்கும்.

அவளுடைய சொந்த போன் போன மாதம் துவைக்கிற கல்லில் இருந்து வாளிக்குள் விழுந்து செத்துப்போயிருந்தது. “புதுசு நான் வாங்கி வச்சாச்சு, ஏட்டி. சனவரில கொண்டாறேன். வேற வாங்கிராத” என்று அனில் சொல்லிவிட்டான். சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வைத்திருந்தாள்.

சென்ற வெள்ளிக்கிழமை செம்பில் சாய்ந்திருந்த அனில்குமார், தாயிடம் ஒரு செய்தி சொன்னான்.

“கம்பெனில இன்னும் மூணு வருசத்துக்கு எழுதித் தாறானுவ, அம்மா. வியாழக்கிழமை கையெழுத்து. சாப்பாட்டு நேரம் முடிஞ்ச உடனே ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்கானுவ.”

“மூணு வருசமா?” என்றாள் தாணம்மாள். பிறகு, “செரி மக்கா, உனக்கு எது நல்லதோ” என்றாள். அஸ்வதியின் முறை வந்தது. அவள் சாப்ட்டியளா என்று கேட்டாள்.

சனிக்கிழமை காலையில் அவள் பீரோவின் அடித்தட்டிலிருந்து அனிலின் பழைய போனை எடுத்தாள். கல்யாணத்துக்கும் முன்னால் வாங்கியது. முதல் விடுப்பில் வந்தபோது விட்டுப்போனான். கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கீறல். சார்ஜரில் போட்டதும் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு ஒரு நடுக்கத்தோடு எரிந்தது.

வியாழக்கிழமை கையெழுத்துக்கு முன்னால் அவனிடம் பேச வேண்டும். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். எழுதி அனுப்பினால் அது ஒரு புகார் மாதிரி இருக்கும். ஹாலில் பேசினால் அது ஒரு வழக்கு மாதிரி ஆகிவிடும். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் அவளிடம் இருந்தது. அதற்கு இந்தப் போன் இந்த வீட்டின் வைஃபையில் சேர வேண்டும்.

சேரவில்லை. சேர்வது எங்கே, வீட்டு வைஃபையின் பெயரே அதில் தெரியவில்லை. அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரிந்தது. எதிர் வீட்டு மாடியில் குடியிருக்கும் வாத்தியார் வீட்டுப் பெயர் தெரிந்தது. நாலடி தள்ளிச் சுவரில் பச்சை விளக்கோடு மின்னிக்கொண்டிருந்த சொந்த வைஃபை பெட்டி மட்டும் அந்தப் போனின் கண்ணுக்கு இல்லவே இல்லை.

அந்தப் பெட்டி, ராஜியின் கணவர் ரதீஷ் வாங்கிக் கொடுத்தது. ஷார்ஜாவில் எட்டு வருடம் இருந்துவிட்டுப் போன வருடம் ஊரோடு வந்துவிட்டவர். வரும்போது மாமியார் வீட்டுக்கு என்று கொண்டுவந்து, அவரே ஆணி அடித்து மாட்டி, அவரே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தார். திங்கட்கிழமை பட்டன் போனில் அஸ்வதி அவரை அழைத்தாள்.

“ரதீஷ் அண்ணே, பழைய போன் ஒண்ணு இருக்கு. நம்ம வைஃபையக் காட்டவே மாட்டேங்குது.”

“எந்தக் காலத்துப் போன்?”

சொன்னாள். அவர் சிரித்த சிரிப்பில் பட்டன் போனே அதிர்ந்தது.

“அத மியூசியத்துக்குக் குடு, அஸ்வதி! நான் போட்டு வச்சிருக்கது டாப் செக்யூரிட்டி. அந்தத் தெருவுல ஒருத்தனும் நம்ம லைன்ல தொங்க முடியாது. இந்தத் தகரத்துக்காக நான் அதக் கொறச்சா, நாளைக்கு ஊரே உங்க வீட்டு முற்றத்துல வந்து படம் பாக்கும். அனிலு சனவரில புதுசு கொண்டாறாம்லா? பொறுத்துக்கோ.”

பொறுத்துக்கொள் என்ற சொல்லை அந்த ஆறு வருடத்தில் எத்தனையோ பேர் அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றுதான் அது அவளுக்கு முதன்முறையாகக் கசந்தது.

செவ்வாய்க்கிழமை கேபிள்காரர் ராஜையன் எதிர் வீட்டுக்கு ஏணியோடு வந்தார். அஸ்வதி கேட்டுக்கு வெளியே போய்ப் போனை நீட்டினாள். அவர் ஏணியை விட்டு இறங்காமலே வாங்கிப் பார்த்தார்.

“இதுக்கு ரெண்டு புள்ளி நாலு கிகாஹெர்ட்ஸ் அலை மட்டும்தாம்மா கேக்கும். உங்க பெட்டில ரெண்டு வழி உண்டு, ரெண்டு புள்ளி நாலு, அஞ்சு. உங்க வீட்டு மருமகன் ரெண்டு புள்ளி நால அணைச்சுட்டு அஞ்சு மட்டும் ஓட விட்டிருக்காரு. பின்ன எப்பிடித் தெரியும்?”

“நீங்க வந்து அதப் போட்டுத் தாறியளா, அண்ணே?”

“ஐயோ, நான் மாட்டேன். என் கம்பி வாசல் வரைக்கும். அதுக்குள்ள இருக்க பெட்டி உங்க வீட்டு மருமகன் பொறுப்பு. போன தடவ சும்ம ஒரு ஒயர நேராக்கினதுக்கே அவரு என்னை அரை மணிக்கூறு போன்ல வறுத்தெடுத்தாரு.” போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு படி ஏறியவர் நின்றார். “பெட்டிக்குப் பொறத்தால ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உள்ள போறதுக்குப் பேரும் சாவியும் அதுல இருக்கும். அத மாத்தாம விட்டிருந்தா உங்க நல்ல நேரம்.”

புதன்கிழமை முழுக்க ஹாலில் ஆள் இருந்தது. அப்புறம் வியாழக்கிழமை வந்தது.

குவைத்தில் சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரை முதல் ஒரு மணி வரை. நம் ஊரில் அது மூன்று முதல் மூன்றரை. ஒரு மணிக்கே வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஐப்பசி மாதம். சரியாக ஒரு மணிக்கு மலைக்குப் பின்னாலிருந்து இடி உருண்டது. இடியின் முதல் சத்தம் கேட்டால் வீட்டில் உள்ள எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவது தாணம்மாளின் சட்டம். டி.வி., ஃபிரிட்ஜ், மிக்சி, கடைசியாக வைஃபை பெட்டி. பச்சை விளக்கு அணைந்தது. அஸ்வதி அறையில் உட்கார்ந்து மணியைப் பார்த்தாள். ஒன்றரை. இரண்டு. மழை ஒரு பாட்டம் கொட்டி நின்றது. இரண்டு இருபதுக்குத்தான் தாணம்மாள் பிளக்குகளைத் திரும்பச் செருகிவிட்டு, கொல்லையில் விழுந்த தேங்காய்களைப் பொறுக்கப் போனாள்.

அஸ்வதி ஸ்டூலில் ஏறிப் பெட்டியை ஆணியிலிருந்து கழற்றினாள். திருப்பிப் பார்த்தாள். ஸ்டிக்கரைக் காணவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் குங்குமம்.

ஆயுத பூஜை! சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால் தாணம்மாள் அரிவாள்மணை, தையல் மெஷின், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, இதையும் கழற்றிக் கொண்டுவரச் சொன்னது நினைவுக்கு வந்தது. முன்பக்கம் விளக்கு மின்னுவதால் பின்பக்கத்தில் தாராளமாகவே பூசியிருந்தாள்.

ஈரத் துணியால் மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினாள். ஸ்டிக்கர் கிழிந்துவிடக் கூடாது. சந்தனம் ஊறி, கரைந்து, விரலில் வழிந்தது.

“ஏட்டி! பொட்டு வச்ச சாமானத் தொடைக்கியா?”

கையில் இரண்டு தேங்காயோடு தாணம்மாள் நின்றாள்.

“அத்தை... இதுக்குப் பொறத்தால ஒரு எழுத்து இருக்கு. அது எனக்கு வேணும்.”

“என்னத்துக்கு?”

பொய் சொல்லலாம். ஆனால் மணி இரண்டரை. பொய்யைக் கட்டி நிறுத்த நேரம் இல்லை.

“அவியளோட பழைய போன இதுல சேக்கணும். அவியகிட்டப் பேசணும்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழமைலா? எல்லாருமாப் பேசத்தானே போறோம்?”

“எல்லாருமா இல்ல, அத்தை. தனியாப் பேசணும். இன்னைக்கே பேசணும்.”

தாணம்மாள் தேங்காய்களைத் தரையில் வைத்தாள். ஒன்று உருண்டு டி.வி. மேசைக்கடியில் போனது. அதை அவள் பார்க்கவில்லை.

“ஆறு வருசமா என் பக்கத்துல உக்காந்து சாப்ட்டியளா, சாப்ட்டியளான்னு கேட்டியே. அந்தப் பய பட்டினி கெடக்கான்னா கேட்ட?” என்றாள். குரலில் கோபம் இருந்தது. ஆனால் கோபம் மட்டும் இல்லை. “அத்தை, கொஞ்சம் வெளிய போய் நில்லுங்கன்னு ஒரு நாள் சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டேனா? நான் என்ன காவலுக்கா இருக்கேன்? நீ வாயத் தொறக்காம இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?”

ஆறு வருடமாகச் சட்டம் என்று அஸ்வதி நினைத்திருந்ததை மாமியார் வெறும் பழக்கம் என்று நினைத்திருக்கிறாள்.

தாணம்மாள் இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினாள். “இந்தா. இதுல கூப்பிடு. நான் கொல்லைக்குப் போறேன்.”

எவ்வளவு எளிது. அஸ்வதியின் கை நீண்டது. பிறகு நின்றது.

“வேண்டாம் அத்தை. வேலை நேரத்துல உங்க நம்பர்ல மணி அடிச்சா, உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு அவியளுக்குப் பாதி உயிர் போயிரும். அப்புறம் நான் என்னத்தப் பேச? என் நம்பர்லதான் கூப்பிடணும்.” சற்றுத் தயங்கி, “ஆனா உங்க போன் வேணும். இந்தப் பெட்டிக்குள்ள போறதுக்கு” என்றாள்.

“பெட்டிக்குள்ள போறதா? நீயா?”

“நான் பிசிக்ஸ் படிச்சவ, அத்தை. கோட்டாறு டியூசன்ல மூணு வருசம் பாடம் எடுத்தவ.”

“படிச்சது எனக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகைல எம்.எஸ்ஸின்னு போட்டிருந்துதே,” என்று தாணம்மாள் போனைக் கொடுத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “செய்யி. பாப்போம்.”

சந்தனத்துக்கு அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பெயர், ஒரு சாவிச் சொல், புள்ளி வைத்த நான்கு எண்கள். பெட்டியை மறுபடி மாட்டி, மின்சாரம் கொடுத்து, தாணம்மாளின் போனில் அந்த எண்களை அடித்தாள். ஒரு நீலப் பக்கம் திறந்து பெயரும் சாவியும் கேட்டது. கொடுத்தாள். திறந்துகொண்டது. முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போட்டிருந்த ரதீஷ் அண்ணன், பின்வாசலைக் கடைக்காரன் கொடுத்த சாவியோடேயே விட்டிருந்தார்.

உள்ளே ராஜையன் சொன்னபடியே இரண்டு வழிகள் இருந்தன. ஐந்து பச்சையாக எரிந்தது. இரண்டு புள்ளி நான்கு சாம்பல் நிறத்தில் தூங்கிக்கொண்டிருந்தது.

இதைத்தான் அவள் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறாள். அதிர்வெண் கூடினால் அதிகச் செய்தியைச் சுமக்கும். ஆனால் கனத்த சுவரில் மோதித் தளர்ந்துவிடும். அதிர்வெண் குறைந்த அலை அவ்வளவு வேகமாகச் சுமக்காது. ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும் என்பதற்காகவே ரதீஷ் அதை அணைத்திருந்தார். சுவரைத் தாண்டித் தன் அறைக்கு வரும் என்பதற்காகவே அது அஸ்வதிக்கு வேண்டியிருந்தது. அனிலின் போனுக்கும் அது ஒன்றுதான் புரியும்.

சாம்பல் பொத்தானைத் தொட்டாள். அது பச்சையானது. சேமித்தாள். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன.

“கெடுத்துட்டியா?” என்றாள் தாணம்மாள்.

“இல்ல, முழிச்சு வரும்.”

“இந்தப் பெட்டில ஓடுத டி.வி.யும் போயிட்டே.”

“அதுவும் வரும், அத்தை. பொறுங்க.” அந்தச் சொல்லை இப்போது தானே சொல்வது அவளுக்கு ருசித்தது.

இரண்டு நிமிடத்தில் விளக்குகள் வந்தன. பழைய போனின் கீறல் விழுந்த கண்ணாடியில், வாத்தியார் வீட்டுப் பெயருக்கு மேலே, அந்த வீட்டின் பெயர் முதன்முறையாகத் தெரிந்தது. அஸ்வதி வாய்விட்டுக் கூவிவிட்டாள். கடவுச்சொல்லை அடித்தாள். போன் யோசித்தது; மறுபடி யோசித்தது. பிறகு ‘ஆதென்டிகேஷன் பிராப்ளம்’ என்றது.

இன்னொரு தடவை அடித்தாள். அதே பதில். மணி இரண்டு ஐம்பத்தொன்று.

“என்னவாம்?”

“கதவு தெரியுது. தெறக்கமாட்டேங்குது.”

மறுபடி நீலப் பக்கம். இரண்டு புள்ளி நான்குக்குக் கீழே பாதுகாப்பு என்ற வரியில் ‘டபிள்யூ.பி.ஏ. மூன்று மட்டும்’ என்று இருந்தது. ரதீஷ் அண்ணனின் டாப் செக்யூரிட்டி. இந்தப் போன் பிறந்தபோது இரண்டாவதுதான் வழக்கத்தில் இருந்தது. மூன்றாவதன் பேச்சு இதற்கு எப்படி விளங்கும்? அம்புக்குறியைத் தொட்டாள். ‘இரண்டும் மூன்றும்’ என்று ஒரு வரி இருந்தது. புதியது புதிய முறையில் வரட்டும், பழையது பழைய முறையில் வரட்டும், இரண்டுக்கும் கதவு ஒன்றுதான். அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தாள். விளக்குகள் மறுபடி அணைந்தன.

அந்த நேரம் பார்த்துத் தாணம்மாளின் போன் அலறியது. ரதீஷ். பெட்டியில் யார் கை வைத்தாலும் அருமனையில் இருக்கும் அவர் போனுக்குத் தகவல் போகும் என்பது அஸ்வதிக்கு அப்போதுதான் தெரிந்தது.

தாணம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அத்தை! யாரோ ஒருத்தன் நம்ம லைனுக்குள்ள பூந்துட்டான்! ரெண்டு தடவ செட்டிங்ஸ மாத்தியிருக்கான்! உடனே பிளக்கப் புடுங்குங்க!”

அஸ்வதி மாமியாரைப் பார்த்தாள். பிடுங்கினால் எல்லாம் முடிந்தது. தாணம்மாளின் கை பிளக்குகளைப் பிடுங்குவதில் தேர்ந்த கை.

“பதறாதீங்க மாப்ள,” என்றாள் தாணம்மாள். “நான்தான் பூந்தேன்.”

“நீங்களா?”

“ஆமா. ரெண்டு புள்ளி நாலு போட்டிருக்கேன்.”

“அத்தை, அது சுவரத் தாண்டித் தெருவுக்குப் போவும்!”

“போட்டும். நாங்க என்ன வீட்டுக்குள்ள சாராயமா காச்சுதோம், மறைச்சு வைக்கதுக்கு?”

“பக்கத்து வீட்டுக்காரனுவ...”

“பாஸ்வேர்டு இருக்குல்லா மாப்ள? அவனுவ வாசல்ல நின்னு மோந்து பாத்துட்டுப் போவானுவ. நீங்க வையிங்க, எனக்கு வேலை கெடக்கு.”

போனை அணைத்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். “ரெண்டு புள்ளி நாலு செரிதானே?”

“கொள்ளாம் அத்தை, ரொம்பச் செரி!” என்ற அஸ்வதி சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

விளக்குகள் எரிந்தன. கடவுச்சொல்லை மூன்றாம் முறை அடித்தாள். போன் யோசித்தது. அதன் நெற்றியில் விசிறி மாதிரி ஒரு சின்னம் விரிந்தது. ‘கனெக்டட்’ என்றது.

மணி மூன்று இரண்டு. ஆனாலும் வாட்ஸ்அப் பழசாகிக் காலாவதியாகிவிட்டது, புதுப்பிக்க வேண்டும் என்றது. புதுப்பிக்கப் போனால், முடியாது என்று ஒரு வெள்ளைப் பக்கத்தை நீட்டியது. வைஃபை இருக்கிறது, கடவுச்சொல் சரி, இனி என்ன? அவள் போனை மேலும் கீழும் தேய்த்தாள். தாணம்மாள்தான் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

“இது என்ன, தேதி தப்பாலா காட்டுது? சனவரி ஒண்ணுங்குது. அதுவும் பத்து வருசத்துக்கு முந்தி.”

பீரோவில் கிடந்து பேட்டரி செத்த நாளோடு அந்தப் போன் நாள்கணக்கை மறந்திருந்தது. பத்து வருடம் பின்னால் நின்றுகொண்டு இன்றைய சான்றுகளைக் காட்டச் சொன்னால் யார் நம்புவார்கள்? அஸ்வதி தேதியை மாற்றினாள். நேரத்தை மாற்றினாள். மறுபடி தொட்டாள். ஒரு பச்சைக் கோடு நகரத் தொடங்கியது. பத்து சதவீதம். பதினெட்டு. முப்பத்தொன்று. இரண்டு பெண்களும் தலையோடு தலை முட்டக் குனிந்து, குழம்பு கொதிப்பதைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்கள். நூறு தொட்டபோது மூன்று பதினொன்று. அவள் எண்ணைக் கேட்டது. பட்டன் போனில் ஆறு இலக்கம் வந்தது. அடித்தாள். அனிலின் எண்ணைப் பதிந்ததும் அவன் பெயர் முதல் வரியில் வந்து நின்றது.

தாணம்மாள் எழுந்தாள்.

“போ. உன் ரூமுக்குப் போ. கதவச் சாத்திக்கோ.” உருண்டுபோன தேங்காயை மேசைக்கடியிலிருந்து குனிந்து எடுத்தவள், நிமிராமலே சொன்னாள்: “என்ன பேசப் போறன்னு நான் கேக்கல்ல. ஆனா அழுதுட்டு மட்டும் பேசாத. அழுதா அவன் ஒண்ணும் கேக்கமாட்டான், பயந்துருவான். சின்னதுலயே அப்பிடித்தான்.”

அறை வாசலைத் தாண்டும்போது அஸ்வதி போனையே பார்த்துக்கொண்டு நடந்தாள். விசிறிச் சின்னத்தில் ஒரு கோடு குறைந்தது. கதவைச் சாத்தினாள். அதற்குமேல் குறையவில்லை. இரண்டடிச் சுவரைத் தாண்டி அது வந்திருந்தது.

சார்ஜர் வயர் குட்டை. பிளக்குக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். விரலில் இன்னும் சந்தனம் ஈரமாக இருந்தது. நெற்றியில் ஒரு தீற்றல் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. வீடியோ பொத்தானைத் தொட்டாள்.

ஒரு மணி. இரண்டு. மூன்று. நான்காவதில் அனில்குமாரின் முகம் வந்தது. தலையில் மஞ்சள் தொப்பி, பின்னால் கேன்டீனின் நீள மேசை, வாயில் பாதி மென்ற சோறு.

“ஏட்டி! நீயா? இது எந்தப் போன்?”

“உங்க பழைய போன்.”

“அது செத்துப்போச்சே!”

“எழுப்பிட்டேன்.”

“நம்ம வைஃபைல அது புடிக்காதேட்டி. ரதீஷு பெட்டிய மாட்டும்போதே எங்கிட்ட சொன்னாரு...”

“புடிச்சிருச்சி. உங்க அம்மையும் நானுமா புடிக்க வச்சிட்டோம்.”

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு திரையை அருகில் கொண்டுவந்தான். கேமரா பழசு, அவளுடைய முகம் அவனுக்குக் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் யாரோ மலையாளத்தில் அழைத்தார்கள். அவன் கையைக் காட்டி, வருகிறேன் என்றான்.

“ரூம்லயா இருக்க? கதவு சாத்தியிருக்கு? நீ ஒத்தைலயா?”

“ஒத்தைலதான்.”

“என்ன ஆச்சி? அம்மைக்கு ஒண்ணும் இல்லியே?”

“எல்லாரும் சொகம். மழை பெஞ்சிது. தேங்கா விழுந்துது.” அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். “கையெழுத்துப் போட்டாச்சா?”

“இல்ல, இப்பதான் போணும். மூணு பேரு வெளிய நிக்கானுவ. சீக்கிரம் சொல்லு, ஏட்டி. சாப்ட்டியா நீ?”

அவள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேராக நிமிர்த்தினாள். குரல் நடுங்குமோ என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது வருகிற, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற அந்தக் குரலே வந்தது.

“கேக்காதன்னு சொன்னிய. ஆறு வருசம் கேக்கல்ல. இப்ப கேக்கேன். அந்தத் தாளுல கையெழுத்துப் போடாதீங்க. ஊருக்கு வந்திருங்க. எனக்கு உங்க கூட இருக்கணும்.”